மூன்றாவது கேள்வியில் ஒரு நேரம்

நாற்பத்தேழு இன்னும் மூன்றாவது கேள்வியிலேயே இருக்கிறது. என் மேஜைத் திரையில் ஐம்பது கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு மாணவர், யார் எந்தக் கேள்வியில் எத்தனை நிமிடமாக உட்கார்ந்திருக்கிறார்கள், எந்த இணையதளத்தைத் திறந்தார்கள், எதைப் படிக்காமலே மூடினார்கள், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெபராஜ் செய்து கொடுத்தது. என் துறையிலேயே உதவிப் பேராசிரியர், கம்ப்யூட்டர் என்றால் சோறு தண்ணி வேண்டாம். "இனிமே நடந்து நடந்து எட்டிப் பாக்க வேண்டாம் மேடம், உக்காந்த எடத்துலயே மொத்தமும் தெரியும்" என்றான். உட்கார்ந்த இடத்தில் கால் விறைத்துப்போகிறது. இந்தக் கம்ப்யூட்டர் கூடத்து ஏசியை யாரும் குறைக்க முடியாது, இயந்திரங்களுக்காக வைத்த குளிர், நாங்கள் அதில் வந்து உட்கார்ந்துகொள்கிறோம். நாற்பத்தெட்டு ஐந்தாவது கேள்விக்குப் போய்விட்டான். நாற்பத்தாறு நான்கில். நாற்பத்தேழு பதினான்கு நிமிடமாக மூன்றில், ஒரு தளத்தையும் திறக்கவில்லை, ஒரு எழுத்தும் தட்டவில்லை. தூங்குகிறாளா. சான்றுவழி மருத்துவம், ஆய்வுகளைப் பார்த்துச் சிகிச்சையை முடிவு செய்கிற என் பாடம், அதன் தேர்வில் யாரும் தூங்கியதில்லை, முன்பு நான் கரும்பலகையில் எழுதிப் பாடம் நடத்தியபோது தூங்குவார்கள், அச்சடித்த ஆய்வுக் கட்டுரையை விரித்து வைத்து அதன்மேலேயே தலைசாய்ப்பார்கள். இப்போது முடியாது. கட்டுரையைத் தேடுவதற்கு யாருக்கும் நான் தேவையில்லை, ஃபோனில் கேட்டால் இரண்டு நொடியில் சுருக்கம் சொல்லிவிடுகிறது, புள்ளிவிவரத்தோடு. அதனால்தான் பாடத்தைத் தலைகீழாகத் திருப்பினேன். தேடுவது இனிமேல் பெரிய விஷயமே இல்லை, நோயாளியிடம் எதைக் கேட்கிறோம் என்பதுதான் விஷயம், கேள்வி தப்பானால் பதில் எவ்வளவு சரியாக இருந்தாலும் நோயாளிக்கு ஆகாது. இந்த வாக்கியத்தைப் பல்கலைக்கழகக் குழுவுக்கு அனுப்பிய அறிக்கையில் முதல் வரியாக வைத்தேன். இரண்டு மணிக்கு அவர்கள் வருகிறார்கள். பிடித்துப்போனால் மாநிலம் முழுக்க இந்தப் பாடம்தான், என் பெயரோடு.

உண்மையான நோயாளிகள் வேண்டும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். புத்தகத்து நோயாளிகள் எல்லோரும் ஒரே மாதிரி, அறுபது வயது ஆண், சர்க்கரை உண்டு, புகைப்பழக்கம் உண்டு. எங்கள் ஆஸ்பத்திரிப் பதிவுகளிலிருந்து ஆறு பேரை எடுத்தேன். பெயர், ஊர், எண் மூன்றையும் நீக்கினோம். ஜெபராஜ் இன்னும் நிறைய நீக்கச் சொன்னான், தழும்பு எல்லாம் எதுக்கு மேடம் என்றான், இருக்கட்டும் என்றேன், சின்னச் சின்ன விவரம் இருந்தால்தான் படிக்கிறவர்களுக்கு இது ஒரு ஆள் என்று தோன்றும். என் மேற்படிப்புக் காலத்துத் துறைத் தலைவர், பழைய சீஃப், அப்படித்தான் சொல்வார், கட்டிலைப் பார்க்காதே ஆளைப் பார். அவர் பார்த்த ஆட்களுக்கெல்லாம் தப்பான மருந்து கொடுத்தார். தொண்ணூற்றொன்பதில் நான் மேற்படிப்பு இரண்டாம் வருஷம், மாரடைப்பு வந்தவர்களுக்குத் துடிப்பு பிசகக் கூடாது என்று அவர் ஒரு மாத்திரை எழுதிக்கொண்டே இருந்தார், முப்பது வருஷ அனுபவம். அந்த மாதிரி மாத்திரையால் ஆட்கள் கூடுதலாகச் சாகிறார்கள் என்று ஆய்வு வந்தே பத்து வருஷம் ஆகியிருந்தது. நகலெடுத்துக்கொண்டு போய் திங்கட்கிழமைக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், அவர் ஓய்வு பெற நாலு நாள் இருக்கையில், வாசித்துக் காட்டினேன். தனியாகச் சொல்லியிருக்கலாம் என்று அப்புறம் நர்ஸ் ஒருத்தி சொன்னாள். தனியாகச் சொன்னால் யாருக்குத் தெரியும். அவர் அந்தக் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மடிப்பு நேராக வரவில்லை. அந்தக் கோணல் மடிப்பை நான் பார்த்தேன், பார்க்க நன்றாக இருந்தது, அதை இன்றைக்கும் என்னால் மறுக்க முடியாது. அனுபவம் பொய் சொல்லும், காகிதம் சொல்லாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். நாற்பத்தேழுக்குப் பதினாறு நிமிடம். எழுந்திருக்க வேண்டியதுதான்.

வரிசைகளுக்கு நடுவே போகும்போது யாரும் நிமிரவில்லை. விசைப்பலகைச் சத்தம் மட்டும். நாற்பத்தேழு கடைசிக்கு முந்தின வரிசை, ஒல்லியான பெண், வெள்ளைக் கோட்டுக் கையை முழங்கை வரை மடித்திருக்கிறாள், அட்டையில் அ. ரம்யபாரதி, இறுதியாண்டு. முகம் தெரிந்த முகம்தான், நூற்றைம்பது பேரில் ஒரு முகம், இரண்டாம் வருஷத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளும் முகம். திரையில் மூன்றாவது கேள்வி. நாற்பத்து மூன்று வயதுப் பெண், விசைத்தறித் தொழிலாளி. இடது முன்கையில் பாவு நூலுக்குக் கஞ்சி போடும்போது சுட்ட பழைய தழும்பு. வலது கை கால் விழுந்துவிட்டது, பேச்சு இல்லை. தொடங்கிய நேரம் காலை 4.00. ஆஸ்பத்திரிக்கு வந்த நேரம் 9.10. மூளை ஸ்கேனில் ரத்தக் கசிவு இல்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா, கூடாதா, சான்றோடு எழுதுக. சுலபமான கேள்வி. அந்த ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு, அதைத் தாண்டினால் பலன் குறைவு, மூளையில் ரத்தம் கசியும் அபாயம் அதிகம். நாலிலிருந்து ஒன்பது பத்து, ஐந்து மணி பத்து நிமிடம். கூடாது. அவ்வளவுதான். "என்னம்மா, எதாவது பிரச்சனையா" என்று குனிந்து கேட்டேன். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "கேள்வில ஒரு தகவல் தப்பா இருக்குங்க மேடம்." "எது." "நாலு மணிங்கறது." "அது ரெக்கார்டுல இருந்து எடுத்தது." "தெரியும்ங்க மேடம். ஏழு இருபதுக்கு நல்லா இருந்தாங்க. எங்கூட ஃபோன்ல பேசினாங்க. ரசம் வைக்கறேன், அப்பறம் கூப்பிடறேன்னாங்க." அவள் ரொம்ப மெல்ல, பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல், "இது எங்கம்மாங்க மேடம்" என்றாள்.

காதில் ஏசியின் சத்தம் மட்டும் பெரிதாகக் கேட்கிறது. ஏழு இருபதிலிருந்து ஒன்பது பத்து. ஒரு மணி ஐம்பது நிமிடம். ஸ்கேனுக்கு அரை மணி, ஊசியைத் தயார் செய்யப் பத்து நிமிடம், மூன்று மணி நேரத்துக்குள் போட்டிருக்கலாம், ஊசிக்கென்றே வந்த மாதிரியான நோயாளி, வயது குறைவு, ரத்தக் கசிவு இல்லை. பத்து பேருக்குப் போட்டால் மூன்று பேர் ஏறக்குறைய பழையபடி நடப்பார்கள். இந்தக் கணக்கு ஏன் இப்போது இவ்வளவு சுத்தமாக வருகிறது. அன்றைக்கு எனக்குப் பத்து மணிக்கு வகுப்பு. அதுதான் அவசரம். செவ்வாய்க்கிழமை, முதுநிலை மாணவன் இன்னொரு நோயாளியோடு ஸ்கேன் அறைக்குப் போயிருந்தான், இந்த நோயாளியை நானே பதிந்தேன். தள்ளுவண்டியில் அந்தப் பெண், ஈரக் கூந்தல், வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. புருஷன் அர்த்தனாரி, சட்டையெல்லாம் பஞ்சு, தறியிலிருந்து அப்படியே ஓடி வந்த ஆள். எப்ப ஆரம்பிச்சது என்று கேட்டேன். "வெடியால நாலு மணிக்கே தலைய சுத்துதுன்னா டாக்டருங்க. நான் அஞ்சு மணிக்குத் தறிக்குப் போயிட்டனுங்க." தலை சுற்றுகிறது என்றுதான் சொன்னான். தலை சுற்றல் வேறு, கை கால் விழுவது வேறு, முதல் வருஷம் முடித்தவனுக்குத் தெரியும். ஐந்து மணிக்கு அவள் எப்படி இருந்தாள் என்று கேட்டிருக்கலாம், அப்புறம் யார் பார்த்தார்கள் என்று கேட்டிருக்கலாம், கடைசியாக நோயாளி நன்றாக இருந்ததைப் பார்த்தது யார், எத்தனை மணிக்கு, பக்கவாதத்தில் முதல் கேள்வியே அதுதான், அதைக் கேட்கத் தெரியாதவன் டாக்டரே இல்லை என்று எத்தனை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். படிவத்தில் இரண்டு கட்டம். தொடங்கிய நேரம், கடைசியாக நன்றாக இருந்த நேரம். முதலாவதில் 4.00 என்று தட்டினேன். இரண்டாவதுக்குப் பக்கத்தில் 'மேலே உள்ளதே' என்று ஒரு சின்னக் கட்டம், அதில் ஒரு டிக். அவனுக்குப் பின்னால் ஒரு பொம்பளை நின்றாள், பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கும், முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. "டாக்டரம்மா, காத்தால" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தாளா. கூட்டம் போடாதீங்கம்மா, வெளிய இருங்க என்று சொன்னேன். அதை எல்லோரிடமும் சொல்வேன். அவள் வாய் திறந்திருந்தது, திறந்தபடியே போனாள். இல்லை, இதை நான் இப்போது சேர்த்துக்கொள்கிறேனோ, ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது, ஞாபகம் சான்றே ஆகாது, சான்று வரிசையில் கடைசிக்கும் கீழே. ஆனால் முந்தானை மஞ்சள். மஞ்சளில் பச்சைக் கரை.

வகுப்புக்குப் போனேன். இரண்டாம் வருஷம், விரிவுரைக் கூடம், எல்லோரும் ஃபோனை அணைத்துக் கூடையில் போட வேண்டும் என்பது என் சட்டம். இவளும் போட்டிருப்பாள். கூடைக்குள் கிடந்த அந்த ஃபோனுக்கு அர்த்தனாரி எத்தனை தடவை அடித்தானோ, எம்புள்ள இங்கதாங்க படிக்குது என்று என்னிடம் சொன்னான், ஆமாம், சொன்னான், அதெல்லாம் அப்புறம் என்றேன். கூடத்துக்கும் அவசரப் பிரிவுக்கும் நடுவே ஒரு புல்வெளிதான். அன்றைக்குப் பாடத்தையே மாற்றினேன், சூட்டோடு சூடாக ஒரு உதாரணம் கையில் இருக்கிறதே என்று. இப்பத்தான் ஒரு பேஷன்ட்டப் பாத்துட்டு வரேன், சின்ன வயசு, புருஷன் காலப் புடிச்சுக் கெஞ்சறாரு, ஊசி போடணும்னு நமக்கும் ஆசையாத்தான் இருக்கு, ஆனா அஞ்சு மணி நேரம் ஆயிருச்சு, ஆசை வேற சான்று வேற. மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிக்கொண்டிருந்தாள் என்று எனக்கு உறுதியாகத் தெரியுமா. தெரியும். இப்போது அதே கை திரைக்கு முன்னால் விசைப்பலகைமேல் அசையாமல் இருக்கிறது, நகம் ஒட்ட வெட்டியிருக்கிறது. நான் இன்னும் அவள் பக்கத்தில்தான் நிற்கிறேன். நாற்பத்தாறு ஒரு முறை திரும்பிப் பார்த்தான். இந்தக் கேள்வியை ரத்து செய்கிறேன் என்று சொல்லலாம். சொன்னால் காரணம் கேட்பார்கள். காரணம் சொன்னால் பதிவைத் திறப்பார்கள். பதிவில் ஒவ்வொரு எழுத்துக்கும் யார், எந்த நிமிடம் என்று இருக்கும், முன்னே மாதிரி கேஸ் ஷீட்டில் ஒரு தாளைக் கிழித்துவிட்டு வேறு தாள் சொருக முடியாது. டாக்டர் வத்சலா, 9.18 என்று என் பெயர்தான் இருக்கும். இரண்டு மணிக்குக் குழு. கேள்வி தப்பானால் பதில் சரியாக இருந்தும் ஆகாது, முதல் வரி. சிரித்துவிடுவேன் போலிருந்தது. இந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு வெளியே உட்காரவைத்துத் தண்ணீர் கொடுக்கலாம். கொடுத்தால் அழுவாள். அழுதால் கேட்பாள். "கேள்வில என்ன குடுத்திருக்கோ அத வச்சு எழுதும்மா" என்றேன். என் குரல் நன்றாக இருந்தது, கனிவாகக்கூட இருந்தது. "நேரம் நாலு மணின்னு வச்சுக்கிட்டா என்ன பண்ணணும், அதான் கேள்வி." "சரிங்க மேடம்" என்றாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். கட்டம் நாற்பத்தேழு உயிர் பெற்றது. ஒரு தளம் திறந்தது, இன்னொன்று திறந்தது, மூன்று ஆய்வுகளைத் தொகுத்த கட்டுரை, அதன் குறைபாடுகளைச் சொல்லும் பகுதியை மட்டும் நாலு நிமிடம் படித்தாள், மற்றவர்கள் யாரும் அந்தப் பக்கத்துக்கே போகவில்லை. பிறகு எழுதினாள். அவள் எழுதுவது என் திரையில் எழுத்தெழுத்தாக வருகிறது, எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஊசி போடக் கூடாது. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குப் பிறகு கொடுத்தால் கிடைக்கும் பலன் நிச்சயமில்லை, மூளைக்குள் ரத்தக் கசிவு நூற்றுக்கு ஆறு பேர் வரை. இந்த நோயாளியின் வயதும் ஸ்கேனும் சாதகமாக இருந்தாலும் நேரம் சாதகமாக இல்லை. குடும்பத்தாரிடம் இதைப் பொறுமையாக விளக்க வேண்டும். ஒரு எழுத்தையும் அழித்து எழுதவில்லை. எங்காவது நிற்பாள், எழுதியதை அழித்துத் தள்ளுவாள், கேள்வியைத் திட்டி ஒரு வரி எழுதுவாள் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன், அப்படி எழுதியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், கோபக்காரப் பெண் என்று வைத்திருப்பேன். எழுதி முடித்துச் சமர்ப்பித்தாள். நிரல் அரை நொடியில் திருத்தி பத்துக்குப் பத்து போட்டது. மூன்றாவது கேள்வியில் முழு மதிப்பெண் வாங்கியவள் அவள் ஒருத்திதான். குழுவுக்குக் காட்ட ஒரு மாதிரி விடை வேண்டும் என்று காலையில் ஜெபராஜ் கேட்டிருந்தான். இதைவிட நல்ல விடை வராது. பெயரை எடுத்துவிட்டுக் காட்டலாம். இந்த நினைப்பு எனக்குள் வந்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், தெருவில் போகிற யாரோ ஒருத்தரைப் பார்ப்பதுபோல, தடுக்கவில்லை.

பதினொன்றரைக்கு எல்லோரும் எழுந்தார்கள், நாற்காலிகள் கிறீச்சிட்டன, ரெண்டு பேர் ஆறாவது கேள்வியைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே வெளியே போனார்கள். அவள் கடைசியாக வந்து என் மேஜை முன்னால் நின்றாள். வருகைப் பதிவில் கையெழுத்துப் போட வேண்டும், போட்டாள், பேனாவை மூடி வைத்தாள், போகவில்லை. "அம்மா எப்படி இருக்காங்க" என்று கேட்டேன். கேட்காமல் இருந்தால் தப்பாகத் தெரியும்.

"இருக்காங்க மேடம். வலது பக்கம் வரல. பேச்சும் வரல, ஒரே ஒரு வார்த்தைதான் வருது. போதும்னு. ஊட்டறப்ப மொத வாய்லயே போதும்னுவாங்க, ஃபேன் போட்டா போதும்னுவாங்க, என்னப் பாத்தாலும் அதேதான். வயிறு நெறஞ்சு சொல்றாங்களா, பசிக்குதுன்னு சொல்றாங்களான்னு எங்களுக்குத் தெரியறதில்லைங்க."

பிசியோதெரபி தொடர்ந்து பண்ணணும் என்றேன். பண்றோம் என்றாள். பிறகு, "அன்னைக்கு நீங்க கிளாஸ்ல சொன்னீங்க மேடம், ஆசை வேற சான்று வேறன்னு. அது எங்கம்மான்னு தெரியாம நோட்ல எழுதிட்டிருந்தேன். உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லைங்க. குடுத்த நேரத்துக்கு நீங்க பண்ணதுதான் சரி" என்றாள். இவள் என்னை மன்னித்துக்கொண்டிருக்கிறாள், அதுவும் தப்பான இடத்தில் நின்று. "ஒண்ணு மட்டும் கேக்கலாம்ங்களா மேடம்."

"கேளும்மா."

"எங்கப்பா அன்னைக்கு என்ன சொன்னாரு, அவரு சொன்ன வார்த்தை அப்படியே ரெக்கார்டுல இருக்குங்களா?"

"எதுக்கு?"

"அவரு, தலை சுத்துதுன்னுதான் சொன்னேன், கை கால் வரலைன்னு சொல்லவே இல்லைன்னு சொல்றாரு. நான் நம்பல. பயத்துல எதையோ ஒளறிட்டு இப்ப மாத்திப் பேசறாருன்னு நெனச்சேன். ஒன்றரை வருஷமா அவருகூட நான் பேசறதில்லைங்க மேடம். வீட்டுக்குப் போனா அம்மாவக் கழுவி விட்டுட்டு அவரு தறியில இருந்து வர்றதுக்குள்ள கெளம்பிருவேன். இன்னைக்கு அந்தக் கேள்வியப் படிக்கறப்ப, ஒருவேளை அவரு சொன்னது நெசமா இருந்துட்டா என்னன்னு தோணுச்சு. அதான்."

அவள் கண் நேராக என்மேல் இருந்தது, கேள்வி கேட்கத் தெரிந்த கண், நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, யார் சொன்னது, என்ன வார்த்தையில் சொன்னது, யார் எழுதியது. படிவத்தில் உறவினர் கூற்று என்று ஒரு பெரிய வெற்றுக் கட்டம் உண்டு. அதை நான் நிரப்பவில்லை. இப்போதும் அது காலியாகத்தான் இருக்கிறது. அவன் சொன்னது அப்படியே என் காதில் இருக்கிறது, வெடியால நாலு மணிக்கே தலைய சுத்துதுன்னா டாக்டருங்க, வேறு எங்கேயும் இல்லை, உலகத்தில் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. ஒரு வரி. உங்கப்பா சொன்னது நெசம்தாம்மா. சொல்ல ஐந்து நொடி ஆகாது. சொன்னால் அவள் இன்றைக்கு பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் அந்த ஆள் தறியிலிருந்து வரும்வரை உட்கார்ந்திருப்பாள். அவர்கள் பேசுவார்கள். பேசினால் அடுத்த கேள்வி வரும், அப்படீன்னா நாலு மணின்னு எழுதினது யாரு. அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான், அது இந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறது. அப்பா பெண் பேசாமல் இருப்பது நிறைய வீட்டில் இருக்கிறது. நாளடைவில் சரியாகிவிடும், ஆகாமலும் போகும், இதற்கெல்லாம் ஆய்வு கிடையாது.

"இருக்கும்மா" என்றேன். "கணவர் சொன்னதுன்னு போட்டு, நாலு மணிக்குக் கை கால் வரலைன்னு இருக்கு."

அவள் முகத்தில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. கோட்டுக் கையை இறக்கிவிட்டு மணிக்கட்டுப் பொத்தானைப் போட்டாள், ஒரு தடவை தவறிப்போய் மறுபடி போட்டாள்.

"பதட்டத்துல அப்படித்தான் சொல்லுவாங்க" என்று நானே தொடர்ந்தேன், "படிக்காதவங்க. நீ மனசுல வச்சுக்காத."

"சரிங்க மேடம்" என்றாள். "தேங்க்ஸ்ங்க மேடம்."

அவள் கதவைத் தாண்டியதும் ஜெபராஜ் உள்ளே வந்தான், மூன்றாவது கேள்வியில் ஏதோ சந்தேகம் வந்ததாமே என்றான், நாற்பத்தாறு சொல்லியிருப்பான். நேரம் பற்றிச் சின்னக் குழப்பம் என்றேன். கேள்வியைத் திறக்கச் சொன்னேன். 'தொடங்கிய நேரம் காலை 4.00' என்பதற்குப் பக்கத்தில் 'கணவர் கூறியபடி' என்று சேர்க்கச் சொன்னேன், அவன் சேர்த்தான். தழும்பையும் எடுத்துவிடச் சொன்னேன், விசைத்தறியை எடுத்துவிட்டுக் கூலித் தொழிலாளி என்று போடச் சொன்னேன். அவன் ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு வாசித்துப் பார்த்தான். "இப்பத் தெளிவா இருக்கு மேடம், இனி யாருக்கும் சந்தேகம் வராது" என்றான். குழுவுக்குக் காட்ட ஒரு விடை கேட்டீங்களே, நாற்பத்தேழாவது விடையைப் போடுங்க என்றேன். நல்ல விடை, குடும்பத்தாரிடம் பொறுமையாக விளக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறாள், அது குழுவில் உள்ளவர்களுக்குப் பிடிக்கும். மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. கேன்டீனில் என்ன இருக்கும் என்று ஜெபராஜிடம் கேட்டேன். செவ்வாய்க்கிழமை புளிசாதம் மேடம் என்றான். எனக்கு நன்றாகப் பசித்தது.